அஞ்சலைக்கு இப்போது மருந்து வேண்டாம்

காலையில் லேபுக்குள் நுழைந்ததும் டெக்னீஷியன் ரேவதி ஒரு ரிப்போர்ட்டை நீட்டினார். வெள்ளை அணுக்கள் நாற்பத்திரண்டாயிரம். பதினோராயிரத்தைத் தாண்டினாலே நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். ரத்தம் கோவளத்தில் மீன் விற்கும் அஞ்சலையுடையது. கண்புரை ஆபரேஷனுக்காகத் தாம்பரத்தில் எங்கள் மருத்துவமனைக்கு வந்திருந்தார். நான் அங்கே பேத்தாலஜிஸ்ட்.

ஸ்லைடில் லிம்போசைட் என்ற வகை வெள்ளை அணுக்கள், சின்னச் சின்னதாக, எல்லாம் ஒரே ஜாடை. இடையிடையே நசுங்கிச் சிதறிய செல்கள். இவற்றை ஸ்மட்ஜ் செல் என்போம்.

"நான்தான் அழுத்தித் தேய்ச்சுட்டேனோ மேடம்?" என்றார் ரேவதி.

தேய்க்கும்போது செல்கள் நசுங்காமலிருக்க ரத்தத்தில் ஒரு துளி ஆல்புமின் கலந்து மறுபடி ஸ்லைடு போட்டோம். நசுங்கியவை குறைந்தன, லிம்போசைட்டுகள் அப்படியே இருந்தன. க்ரானிக் லிம்போசைட்டிக் லுக்கீமியா, சுருக்கமாக சி.எல்.எல்., என்றது மனம். மனம் சொல்வதை ரிப்போர்ட்டில் எழுத முடியாது. சில கிருமித் தொற்றுகளிலும் லிம்போசைட் ஏறும். புற்றுநோயென்றால் இவை எல்லாம் ஒரே செல்லின் வாரிசுகளாக இருக்கும்; அதை நிரூபிக்க ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற சோதனைக்காக வெளி லேபுக்கு அனுப்பினேன்.

கண் ஆபரேஷன் தள்ளிப்போனது. தாம்பரம் துணிக்கடையில் வேலை செய்த அஞ்சலையின் மகள் செல்வி, தினமும் லேப் வாசலில் வந்து நின்றாள். "நேரா சொல்லுங்க மேடம். கேன்சரா?" ரிசல்ட் வரட்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தால் என்னாலும் உட்கார முடியவில்லை. வெளி லேபுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தேன்.

சி.எல்.எல்.தான். ரத்தநோய் மருத்துவர் அஞ்சலையைப் பரிசோதித்தார். நெறிக்கட்டு இல்லை, மண்ணீரல் வீங்கவில்லை, ஹீமோகுளோபினும் பிளேட்லெட்டும் நன்றாக இருந்தன.

"இது ரத்தப் புற்றுநோய்ல மெதுவா போற வகை. சீக்கிரம் மருந்து ஆரம்பிச்சா லாபம் இல்ல, சிரமம்தான். மூணு மாசம் கழிச்சு வாங்க, இப்படியே நீடிக்குதான்னு பாக்கணும்" என்றார்.

செல்வி எழுந்துவிட்டாள். "கேன்சர்ன்றீங்க, மருந்து வேணான்றீங்க. வயசாயிடுச்சுன்னு கைவுட்டுட்டீங்களா?"

"இன்னாடி கத்துற? எனக்கு ஒரு நோவும் இல்ல. கண்ணு எப்போ பண்ணுவாங்கோ, அத்த கேளு" என்றார் அஞ்சலை. செல்வி கேட்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மூன்று மாதம் கடந்தும் வரவில்லை. செல்வி போனை எடுக்கவில்லை. துணிக்கடையில், வேலையை விட்டுவிட்டாள் என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவளத்துக்கு பஸ் ஏறினேன்.

வீட்டில் அஞ்சலையைப் பார்த்ததும் திக்கென்றது. பாதியாக இளைத்திருந்தார். காரணமில்லாமல் எடை குறைந்தால் நோய் வேகமெடுத்திருக்கலாம். கழுத்திலும் அக்குளிலும் தடவினேன். கட்டி எதுவும் தட்டுப்படவில்லை.

"பசிக்குதாம்மா?"

"பசிக்காம? கஞ்சியும் யாரோ குட்த்த வேர்ச் சாறும்தான். மீன கண்ல காட்றதில்ல, யாவாரத்துக்கும் வுடல. நோவு என்ன ஒண்ணும் பண்ல டாக்டரம்மா. இவதான் பண்ணிகினு கீறா."

செல்வி சுவரில் சாய்ந்து அழுதாள். "சும்மா உக்காந்துகினு இருக்க முடியல மேடம். எதனா செய்யணும்ல?"

எனக்குக் கோபம் வரவில்லை. சும்மா இருக்க முடியாமல்தானே நானும் பஸ் ஏறி வந்திருந்தேன்?

"செய்ய வேலை இருக்கும்மா. காய்ச்சல் வருதா, ராத்திரி வேர்வையில துணி நனையுதா, கழுத்துல கட்டி வருதான்னு நீ பாரு. இருமல் இழுத்துட்டுப் போனா உடனே கூட்டிட்டு வா. அந்தச் சாறை நிறுத்து, சாப்பாட்ட நிறுத்தாத."

மறுநாளே வந்தார்கள். கவுன்ட் ஏறக்குறைய பழையபடிதான். நோய் நகரவே இல்லை, இளைத்தது பட்டினியால். கண் ஆபரேஷனுக்குத் தடையில்லை என்று ரத்தநோய் மருத்துவர் எழுதிக் கொடுத்தார். புரை எடுத்த மறு மாதமே அஞ்சலை வியாபாரத்துக்குப் போய்விட்டார்.

இப்போதும் செக்கப்புக்கு வருகிறார். கவுன்ட் மெல்ல ஏறுகிறது. ஒருநாள் மாத்திரை தொடங்க வேண்டிவரலாம். அவர் சாம்பிள் வரும் நாளில் எனக்கு வேறு வேலை ஓடாது.

லேபுக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்கிறேன். சி.எல்.எல். என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: ஒரே செல்லின் வழி வந்த பி வகை லிம்போசைட்டுகள் ஐயாயிரத்துக்குக் குறையாமல் மூன்று மாதமாவது நீடிக்க வேண்டும். நமக்கு அது வெறும் காலக்கெடு. ஒரு வீட்டுக்குள் அந்த மூன்று மாதம் என்னவெல்லாம் செய்யும் என்று கோவளத்தில் பார்த்தேன். காத்திருங்கள் என்று சொல்லும்போதே, அதுவரை என்ன செய்வது என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.