விளக்கு வைத்த நேரத்து வியாபாரம்

வெயில் இன்னும் ஏறாத ஒரு சித்திரை மாதக் காலையில் என் மருமகளின் கடை காணாமல் போனது. பூட்டை யாரும் உடைக்கவில்லை. அந்தக் கடைக்குப் பூட்டே கிடையாது, அது கைப்பேசிக்குள் இருந்தது. மாடியிலிருந்து இறங்கி வந்தவள், நான் செய்தித்தாளை மடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "மாமா, பேஜ் போயிருச்சு" என்றாள்.

"எங்கே போச்சு?"

"தெரியல. நேத்து இருந்துச்சு. இப்பக் காணோம்."

நான் வருவாய்த்துறையில் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒருவரிடமிருந்து எதையாவது எடுக்க வேண்டுமென்றால் என்னென்ன படிகள் உண்டு என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வெறும் புறம்போக்கில் போட்ட கீற்றுக் கொட்டகையைப் பிரிப்பதற்கே முதலில் அறிவிப்பு, பிறகு அவகாசம், பிறகு விசாரணை என்று போக வேண்டும். அதனால் அவள் கையிலிருந்த போனை வாங்கி, அறிவிப்பு எங்கே என்று தேடினேன். ஒரு வரி இருந்தது. சமூக நெறிமுறைகளை மீறியதால் கணக்கு முடக்கப்பட்டது என்று பொருள்படும் ஒரு வரி. எந்த நெறிமுறை, எந்தப் பிரிவு, மீறியது யார், பார்த்தது யார் என்று எதுவும் இல்லை. கீழே கையெழுத்தும் இல்லை.

அந்தப் பக்கம் எங்கள் வீட்டில் என்னவாக இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். மருமகள் மதுரை ரோட்டில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். பொழுதுபோக்காகச் சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலைகளைப் படம் எடுத்துப் போட ஆரம்பித்தாள். சிநேகிதிகள் வாங்கினார்கள். பிறகு சிநேகிதிகளின் சிநேகிதிகள், அதன்பிறகு யாரென்றே தெரியாதவர்கள். கோடை நெருங்கியபோது, பருத்திச் சேலைக்கு இதுதான் காலம் என்று சொல்லி வேலையை விட்டுவிட்டாள். பள்ளித் தாளாளர் நல்ல மனிதர். "ஜூன்ல ஸ்கூல் திறக்கிற வரைக்கும் உங்க இடத்துக்கு ஆள் போடல டீச்சர். யோசிச்சுச் சொல்லுங்க" என்றிருந்தார். என் மகன் வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு மில் பஸ்ஸுக்குப் போய்விட்டான். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் என் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை, கேட்காத இடத்தில் குறிப்பு எழுதும் வழக்கம் எனக்கு இல்லை.

வியாபாரம் நடந்த விதம் இப்படி. பொழுது சாய்ந்ததும் என் மனைவி சாமிக்கு விளக்கேற்றுவாள். பிறகு மாமியாரும் மருமகளும் மாடி அறைக்குப் போவார்கள். வட்டமாக எரியும் ஒரு விளக்கு, நடுவில் போன். அதன் முன்னால் மருமகள் ஒவ்வொரு சேலையாக விரித்துக் காட்டுவாள். இதற்கு லைவ் என்று பெயர். பார்ப்பவர்கள் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இன்னொரு போனை வைத்துக்கொண்டு பதில் சொல்வது என் மனைவியின் வேலை. அவளுக்கு எழுத்தைத் தேடித் தட்டுவது ஆகாது. வாயால் சொன்னால் போன் எழுதிக்கொள்ளும். பக்கம் முடங்கிய அன்று அந்த அறையில் சேலைகள் கட்டுக் கட்டாகக் கிடந்தன. நெசவாளர் வீடுகளில் முன்கூட்டியே சொல்லி, அவள் பேச்சை நம்பி அவர்கள் நெய்து கொடுத்தவை.

"நான் பார்த்துக்கிறேன். மேல்முறையீடுன்னு ஒண்ணு இல்லாம இருக்காது" என்றேன். மருமகள் என்னை நம்பினாள். இப்போது நினைத்தால் அதுதான் சங்கடமாக இருக்கிறது.

மேல்முறையீட்டுக்கு ஒரு பட்டன் இருந்தது. நான் தனியாக ஒரு தாளில் மனுவை எழுதி, திருத்தி, தட்டச்சு செய்யச் சொன்னேன். பொருள், பார்வை, மனுதாரரின் தன்னிலை விளக்கம் எல்லாம் முறைப்படி. பெட்டிக்குள் பாதிகூடக் கொள்ளவில்லை. சுருக்கி அனுப்பினோம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டுவதற்குள் பதில் வந்துவிட்டது. பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை. எங்கள் அலுவலகத்தில் அந்த நேரத்துக்குள் கோப்புக் கட்டின் நாடாவைக்கூட அவிழ்த்திருக்க மாட்டார்கள். தாமதத்துக்காக எங்களை ஊரே திட்டியது. இவ்வளவு வேகமாக முடித்தால் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

அடுத்த மேலதிகாரி யார்? வட்டாட்சியர் உத்தரவு சரியில்லையென்றால் கோட்டாட்சியர், அவரும் சரியில்லையென்றால் மாவட்ட வருவாய் அலுவலர். இங்கே யாரையும் காணோம். முகவரி தேடினேன், பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பலாம் என்று. கிடைத்த முகவரி கடலுக்கு அப்பால் இருந்தது. பிறகு ஆளை உறுதிசெய்ய முகத்தைப் படம் எடுக்கச் சொன்னது. மருமகள் இடப்பக்கம் திரும்பினாள், வலப்பக்கம் திரும்பினாள், மேலே பார்த்தாள். அவள் அவள்தான் என்பதை அது ஏற்றுக்கொண்டது. ஆனால் பக்கம் வரவில்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கம் தோல் பெல்ட், பர்ஸ் கடை வைத்திருக்கும் பாய் எனக்குப் பழைய சிநேகிதர். அவருடைய மகன்களும் இதே இணையதளத்தில் விற்கிறார்கள். அவரிடம் போய் விவரம் கேட்டேன்.

"சார், நீங்க மனு எழுதுனீங்களா?" என்று சிரித்தார். "யாரு படிப்பா?"

"அதைத்தான் பாய் கேட்கிறேன். படிக்கிற அதிகாரி யாரு?"

"மிஷின் சார். மிஷின்தான் தூக்கும், மிஷின்தான் படிக்கும். அல்லாகிட்ட துஆ கேட்டாக்கூட மனசுக்கு ஒரு பதில் வந்த மாதிரி இருக்கும். இதுல அதுவும் கெடையாது. எங்களுக்கும் ஒரு தடவ போச்சு. பசங்க வேற பேர்ல புதுசா ஒண்ணு ஆரம்பிச்சிட்டாங்க."

"ஒரு குடும்பத்துக்கு ரெண்டு ரேஷன் கார்டு மாதிரியா? அது தப்பில்லையா?"

"இம்புட்டு சட்டம் பேசுறீங்களே சார், அதான் உங்க பேஜ் வரல" என்று சொல்லிவிட்டு டீ வாங்க ஆள் அனுப்பினார். டீ வந்தது. தெளிவு வரவில்லை. புதிய பக்கம் தொடங்கினால் பழைய வாடிக்கையாளர்களை எங்கே போய்ப் பிடிப்பது? அவர்கள் பெயரும் ஊரும் அந்தப் பக்கத்தோடு போய்விட்டன. கடை எரிந்துபோனால்கூடத் தெருவில் நின்று வருகிறவர்களிடம் சொல்லலாம். இதில் தெருவும் சேர்ந்து போய்விட்டது.

சேலை அனுப்பும் பொட்டலங்களின் மேல் மருமகளின் எண் அச்சடித்திருக்கும். முன்பு ஒருமுறை வாங்கிய யாரோ அதைப் பார்த்து ஒரு மத்தியானம் கூப்பிட்டார்கள். மருமகள் போனை வீட்டில் வைத்துவிட்டுத் தபால் நிலையம் போயிருந்ததால் என் மனைவி எடுத்தாள். எல்லாருக்கும் கேட்கும்படி போனை வைத்துத்தான் அவள் பேசுவாள். கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குரல்.

"ஏனுங்க, அந்த மாம்பழக் கலருச் சேலை வருமுன்னு சொன்னீங்களே, எப்பங்க வரும்? நானும் பாத்துட்டே இருக்கறனுங்க."

"எந்தச் சேலை தாயி?"

"மாம்பழக் கலரு, அரக்கு பார்டர். லைவுல கேட்டேன். வரும்னீங்க. மறுக்காக் கேட்டேன். வரும் தாயின்னீங்க. பொறகு பதிலே இல்லீங்க."

"அடடா! அது தீந்துபோச்சுத்தா. அதத்தான் அப்படிச் சொன்னேன்."

"தீந்துபோச்சுன்னா இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானுங்களே?"

"விளக்கு வச்ச நேரத்துல அந்த வார்த்தையை எப்படித்தா சொல்றது? வியாபாரம் பண்ற எடத்துல?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் வீட்டில் மாலையில் விளக்கேற்றிய பிறகு எதையும் இல்லை என்று சொல்லக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் உப்புக் கேட்டால்கூட என் மனைவி "காலையில தாரேன்" என்பாள். வந்தவருக்கும் புரியும், போய்விடுவார். கடைவீதியிலும் அப்படித்தான், "வரும்" என்று கடைக்காரர் சொல்லும் தினுசிலேயே வராது என்று தெரிந்துவிடும். முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டிய ஒன்றை இவள் போனில் சொல்லி எழுத வைத்து, ஊர் ஊராக அனுப்பியிருக்கிறாள்.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "எங்கம்மாவும் இப்படித்தானுங்க. ஆனா போன்ல பாக்கறப்ப எனக்குத் தோணலைங்க. ஏமாத்தறாங்கன்னு நெனச்சு நான் ரிப்போர்ட் பண்ணிப்போட்டனுங்க. இன்னும் நாலஞ்சு பேரையும் பண்ணச் சொன்னனுங்க. அவங்களுக்கும் இதே பதில்தானுங்க வந்துச்சு."

நான் போனை வாங்கினேன். "அம்மா, அந்தப் புகாரை நீங்க வாபஸ் வாங்கலாம். தவறான புரிதலில் கொடுத்ததுன்னு ஒரு வரி போதும்."

"எங்கீங்க போய் வாங்கறது? கொடுக்கறதுக்குத்தான் பட்டன் இருக்குங்க. திருப்பி எடுக்கறதுக்கு இல்லீங்களே."

உண்மைதான். தேடிப் பார்த்தேன். புகார் கொடுத்தவரே சமாதானமாகிவிட்டார், எதிர்த்தரப்பும் சமாதானமாகிவிட்டது, வழக்கு மட்டும் தனியாக நடந்துகொண்டிருந்தது. இப்படி ஒரு நிலைமைக்கு நான் படித்த எந்த விதியிலும் இடமில்லை.

அன்று சாயந்திரம் வீட்டில் பேச்சு தடித்தது.

"ஒரு வார்த்தை. மூணு எழுத்து. சொன்னா என்ன குறைஞ்சிருக்கும்?" என்றேன்.

"குறைஞ்சிரக் கூடாதுன்னுதான் சொல்லல" என்றாள் மனைவி. "பாக்குறவுகளுக்குப் புரியும்னு நெனச்சேன். இம்புட்டுப் படிச்சவுகளுக்கு இதுகூடப் புரியாதுன்னு நான் கண்டேனா?"

மருமகள் மாமியாரைக் குறை சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வேலை இருந்திருக்கும். அவள் மாடிக்குப் போய்ச் சேலைக் கட்டுகளை எடுத்து அலமாரியில் அடுக்க ஆரம்பித்தாள். பள்ளி திறக்கப்போகும் வாரம் வந்துவிட்டது. மறுநாள் தாளாளருக்குச் சம்மதம் சொல்லப்போவதாகச் சொன்னாள். பிறகு, "வாங்கின சேலைக்கெல்லாம் நெசவாளர் வீடுகள்ல என்ன பதில் சொல்றதுன்னு தெரியல மாமா. அவங்க என்னை நம்பி நெய்தாங்க" என்றாள். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

மறுநாள் காலையில் பக்கம் திரும்பி வந்தது.

எப்படி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் மனுவா? கோயம்புத்தூர்ப் பெண் ஏதாவது எழுதினாளா? மருமகளின் முகம் யாருக்காவது பிடித்துப்போனதா? தவறுக்கு வருந்துகிறோம் என்ற மாதிரி ஒரு வரி. எந்தத் தவறு, யாருடைய தவறு? "வந்துருச்சுல்ல, விடுங்க" என்றாள் மனைவி. அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை. எதனால் வந்தது என்று தெரிந்தால்தானே, எதனால் போகும் என்று தெரியும்? மருமகளும் அதையே நினைத்திருக்க வேண்டும். தாளாளருக்குப் போன் செய்யவும் இல்லை, செய்ய மாட்டேன் என்று சொல்லவும் இல்லை.

அன்று மாலையே லைவ் வைத்தார்கள். விளக்கு வைத்தாயிற்று. தீர்ந்துபோன சேலையை யாராவது கேட்டால் என்ன செய்வது என்று பேச்சு வந்தது. மனைவி மாட்டேன் என்றாள். மருமகளுக்கு மாமியார் முன்னால் சொல்லத் தயக்கம். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீங்க சொல்லுங்க" என்றாள் மனைவி. "உங்களுக்குப் பழக்கம்தானே? ஆபீசுல அத்தன வருசம் வந்தவுககிட்டயெல்லாம் அதத்தானே சொன்னீங்க?"

மறுத்துப் பேச என்னிடம் ஆதாரம் இல்லை. போனுக்கு முகம் தெரியாத மூலையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். யாரோ மயில்கழுத்துக் கலர் கேட்டார்கள். மருமகள் என் பக்கம் திரும்பினாள். "இல்லை" என்றேன். இன்னொருவர் கடுகு நிறம் கேட்டார். "இல்லை." குரலை உயர்த்தவில்லை, தாழ்த்தவும் இல்லை. நான்காவதோ ஐந்தாவதோ தடவை, பார்ப்பவர்கள் சிரிப்புப் படங்களாக அனுப்ப ஆரம்பித்தார்கள். கைவசம் இருக்கும் சேலைகள் வேகமாகப் போயின. இல்லாதது இல்லை என்று தெளிவாகத் தெரிந்ததால் இருப்பதன் மேல் நம்பிக்கை வந்ததா, அல்லது எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாமல் வாங்கினார்களா? இல்லாத சேலையை வேண்டுமென்றே கேட்டு என் பதிலை வரவழைத்தவர்களும் உண்டு. அடுத்தடுத்த நாட்களில் கூட்டம் கூடியது. அலுவலகத்தில் இதே சொல்லுக்காக என்மேல் மொட்டைக் கடிதம் போட்டார்கள். இங்கே இதயம் போடுகிறார்கள்.

"இல்லை சொல்றவரை ஒருக்கா காட்டுங்க அக்கா" என்று ஒருத்தி எழுதியிருந்தாள்.

"வேணாம்த்தா, பாத்தா வாங்குறதும் நின்னுபோகும்" என்று என் மனைவி பதில் சொன்னாள். அதைப் போன் ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் எழுதியது.

பள்ளி திறப்பதற்கு முந்தைய மாலை லைவ் நடந்துகொண்டிருக்கும்போது தாளாளர் கூப்பிட்டார். மருமகள் கையில் விரித்த சேலை. தாளாளர் கூப்பிட்ட போனைத் தூக்கி என்னிடம் நீட்டினாள். நான் மொட்டை மாடிக்குப் போனேன். எங்கள் ஊர் மலைக்கோட்டைக்குப் பின்னால் வெளிச்சம் அடங்கிக்கொண்டிருந்தது.

"டீச்சர் நாளைக்கு வர்றாங்களா சார்? இல்லைன்னா நான் வேற ஆள் பார்க்கணும்."

"செத்த நேரம் இருங்க" என்று சொல்லிப் போனைப் பொத்திக்கொண்டு கதவோரம் வந்தேன். என்ன சொல்ல என்று சைகையில் கேட்டேன். மருமகள் லைவ் போன் பக்கம் பார்த்து, "ஒரு நிமிஷம்க்கா" என்றுவிட்டு எழுந்து வந்தாள்.

"வரலைன்னு சொல்லிருங்க மாமா."

"நாளைக்கு இது மறுபடி போச்சுன்னா?"

"போகலாம்" என்றாள். சேலையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டே திரும்பிப் போய் வெளிச்சத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

நான் தாளாளரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நல்லா யோசிச்சீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார்.

"அவ யோசிச்சிருக்கா. எனக்குத்தான் ஒண்ணும் புரியல."

உள்ளே யாரோ தீர்ந்துபோன சிவப்பு மஞ்சள்புள்ளிச் சேலையைக் கேட்டிருக்க வேண்டும். "ஏங்க, சீக்கிரம் வாங்க" என்று மனைவி கூப்பிட்டாள்.