‘எப்ப மேடம்’ விலகிக்கொண்ட வழக்கு

“தண்ணி எப்பலேர்ந்து ஒழுகுது?”

“ரெண்டு நாளா இருக்கும் மேடம்.”

“திங்கக்கிழமை வந்து பாத்துட்டு, ‘எல்லாம் சரியா இருக்கு’ன்னு சொல்லிட்டுப் போனது யாரு?”

குழாய் ரிப்பேர்காரர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சொறிகிறார். இன்னும் ஒரு கேள்வி வந்தால் செய்யாத தப்பையும் ஒப்புக்கொண்டுவிடுவார் போலிருக்கிறது. மாடிப்படியில் நின்று நான் வேடிக்கை பார்க்கிறேன். மாடியில் குடியிருக்கும் எனக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு வேறு இல்லை.

கீழ்வீட்டு அம்மாள் கிரிமினல் வக்கீல். குள்ள உருவம், சேலைக்குக் கீழே ஓட்டப் பந்தய ஷூ. கோர்ட்டில் சாட்சியை விசாரிக்கும்போது குரலை உயர்த்தவே மாட்டார். “சத்தமா கேட்டா ஆளு உஷாராயிடுவாங்க. மெதுவா கேட்டா காதைக் கொடுக்கணும்னு கிட்ட வருவாங்க” என்பார். எல்லாவற்றையும் விட விசேஷம், ‘ஏன்’ என்ற கேள்வியை அவர் யாரிடமும் கேட்டதில்லை. “ஏன்னு கேட்டா கதை வரும். எப்ப, எங்கன்னு கேட்டாதான் நடந்தது வரும்.” அதனால் கோர்ட்டில் அவருக்கு ‘எப்ப மேடம்’ என்று பெயர். பெயர் வைத்தவர்கள் அவருக்குப் பின்னால்தான் சொல்கிறார்கள் என்றாலும் அவருக்குத் தெரியும். எப்போது வைத்தார்கள் என்பதுகூடத் தெரியும்.

அப்படிப்பட்டவரைப் பார்த்து ஊரே ‘ஏன்’ என்று கேட்கும் நிலை வந்தது.

டி.வி.யில் செய்தி வாசித்துக்கொண்டிருந்த பெண் ஒருவர் தன் வீட்டிலேயே கொலையுண்டு கிடந்தார். கைதானவர் அவருடைய கணவர், போட்டோகிராபர். பத்திரிகைகளுக்குத் தீனி போட அந்த வழக்கு ஒன்றே போதுமானதாக இருந்தது. கணவருக்காக ஆஜரானவர் நம் மேடம். சாப்பாட்டு மேஜை முழுக்க வழக்குக் கட்டுகள். விசாரணை தொடங்க இருந்த நேரத்தில், ‘தொழில் சார்ந்த காரணத்தால் விலகிக்கொள்கிறேன்’ என்று மனுப் போட்டார். நீதிபதி அனுமதித்தார். மேஜை மறுபடியும் சாப்பாட்டு மேஜை ஆயிற்று.

எனக்கு முடி வெட்டுபவர் கத்தரியை ஆட்டிக்கொண்டே தீர்ப்பு எழுதிவிட்டார். “புருஷன்காரன் உண்மையைக் கக்கியிருப்பான் சார். அந்தம்மாவுக்கு மனசு கேக்கல.” பஸ்ஸிலும் அதே பேச்சு, ஆபீசிலும் அதே பேச்சு. எனக்கோ தலையே வெடித்துவிடும் போலிருந்தது. நேரே கேட்கத் தைரியம் இல்லை. மேடத்தின் கணவரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வாயில்லாத ஜீவன்.

“என்கிட்டயும் சொல்லல. நானும் கேக்கல” என்றார். “நான் ஒண்ணு கேட்டா பதிலுக்கு நாலு வரும். எதுக்கு வம்பு?”

ஒரு நாள் காலை ஏணியைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் கீழே போனேன். உள்ளே போட்டோகிராபரின் அம்மா உட்கார்ந்திருந்தார். கையில் காபி ஆறிக்கொண்டிருந்தது.

“நீங்க விலகினதுல எனக்குக் கோவம் இல்லம்மா” என்றார் அந்த அம்மா. “அவன் செஞ்சதாலதான் விலகிட்டீங்கன்னு பேசிக்கிறாங்க. அப்படி இல்லன்னு பேப்பர்காரங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. அது போதும்.”

“சொல்ல முடியாதும்மா.”

“அப்ப அவன்தான் செஞ்சான்னு நீங்களும் நினைக்கிறீங்களா?”

“அதையும் சொல்ல முடியாதும்மா.”

அவர் காபியைக் குடிக்காமலே எழுந்து போனார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் என்ன, வாயில் இருக்கும் முத்தா உதிர்ந்துவிடும்? மேடம் என் முகத்தைப் பார்த்தார். முகத்தைப் படிப்பதுதானே அவர் பிழைப்பு.

“இன்னைக்கு இவருக்காக ஒரு வார்த்தை சொல்லிட்டேன்னு வைங்க” என்றார். “நாளைக்கு வேற ஒரு கேஸ்ல விலகுறேன். அப்ப வாயைத் திறக்கலேன்னா, அந்த ஆளுதான் செஞ்சான்னு ஊருக்கே சொன்ன மாதிரி ஆயிடாதா? நான் பேசாம இருந்தா எல்லாருக்கும் பேசாம இருக்கணும்.”

ஏணியைச் சுவரில் சாத்திவிட்டு மாடியேறினேன். அன்று முழுக்க அவர் யாரிடமும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கணவர் பயந்துபோய், காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாராம்.

விசாரணை தொடங்கிய அன்று ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுக் கோர்ட்டுக்குப் போனேன். கூட்டம் நெரிந்தது. மேடமும் இருந்தார். அதே நீதிபதி முன் வேறொருவருக்கு அவர் ஜாமீன் கேட்க வேண்டியிருந்தது; தன் முறைக்காகக் கடைசி வரிசையில் காத்திருந்தார். கூண்டில் நின்ற போட்டோகிராபரின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அரசு வக்கீல் தன் முதல் சாட்சியான, கொலை நடந்த வீட்டுக் காவலாளியை விசாரித்தார். “ரத்தக்கறை படிந்த சட்டையோடு இவர் இறங்கி ஓடியதை நீங்கள் பார்த்தீர்கள், இல்லையா?”

பதிலைக் கேள்வியிலேயே வைத்து ஊட்டிவிடுவது இது. தன் சாட்சியிடம் இப்படிக் கேட்கக் கூடாது என்பது, மேடத்தின் கீழ்வீட்டு விசாரணைகளைக் கேட்டுக் கேட்டு எனக்கே தெரியும். போட்டோகிராபரின் புது வக்கீல் குனிந்து தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

பின்னால் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. மேடம் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். போட்டோகிராபர் கூண்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். புது வக்கீலுக்கு அப்போதுதான் உறைத்தது. துள்ளி எழுந்து ஆட்சேபணை தெரிவித்தார்.

“மேடம், இந்த வழக்கில் நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா?” என்று கேட்டார் நீதிபதி.

“இல்லை.”

ஆனால் எழுந்தாகிவிட்டது. எல்லாக் கண்களும் இன்னும் அவர் மேல்தான் இருந்தன. போட்டோகிராபரின் அம்மா சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். அவருக்கு யாரும் இடம் விடவில்லை. மேடம் தன் நாற்காலியை அவர் பக்கமாக நகர்த்தினார்.

“உக்காருங்கம்மா” என்றார் மெதுவாக. பிறகு அந்தச் சுவரோரத்தில் போய் நின்றுகொண்டார்.