வெல்லத்தின் முதுகுப் புண்

கண்டோன்மெண்டில் மிருக ஆஸ்பத்திரிக் காம்பவுண்டுக்குள்ளேயே எங்கள் வீடு இருந்ததால், மற்றப் பிள்ளைகள் பொம்மை வைத்து விளையாடிய வயதில் எனக்கு மாடும் கழுதையும் வாய்த்தன. அப்பா அங்கே டிரஸ்ஸர். புண் கழுவுவது, மருந்து வைப்பது, கட்டுப் போடுவது அவர் வேலை. அவர் கை பட்டால் எந்தப் புண்ணும் ஆறிவிடும் என்று டாக்டரே சொல்வார். அந்தப் பெருமைக்கு வேட்டு வைத்தது நான்தான்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது, சிவாஜிநகர் பக்கம் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜட்கா வண்டியை மறித்து, மிருகவதைத் தடுப்பு இன்ஸ்பெக்டர் குதிரையை அவிழ்த்துக் கொண்டுவந்து எங்கள் லாயத்தில் விட்டார். மட்டக்குதிரை. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். வண்டிச் சேணம் தேய்த்துத் தேய்த்து முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். நிறத்தைப் பார்த்து வெல்லம் என்று பெயர் வைத்தேன். தடுப்புக்கு வெளியே நின்று புல் போடுவேன். இரண்டே நாளில் என் காலடிச் சத்தத்துக்குக் காதைத் திருப்ப ஆரம்பித்தது. அதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்?

புல் கொண்டுவருபவர் ஜட்காக்காரர்தான். தினமும் வந்து கேட்டுக்கு வெளியே நிற்பார், உள்ளே விடமாட்டார்கள். புல்லை என்னிடம் கொடுத்துவிட்டு, "புண்ணு காஞ்சிச்சா பாப்பா?" என்று கேட்பார். வாங்கிக்கொள்வேன், பதில் சொல்லமாட்டேன். குதிரையை அந்தக் கதிக்கு ஆளாக்கியவரோடு எனக்கென்ன பேச்சு என்று அவ்வளவு ராங்கி.

புண் ஆறினால் என்ன ஆகும் என்று அப்பாவைக் கேட்டேன். சொந்தக்காரரிடம் போய்விடும், பழையபடி வண்டி இழுக்கும் என்றார். ஆறாவிட்டால் என்ன ஆகும் என்றும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

லாயத்துக்குள் வீட்டுப் பிள்ளைகள் கால் வைத்தால் குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டியிருக்கும் என்பது டாக்டரின் உத்தரவு. நான் மத்தியானத்தில், எல்லோரும் கண்ணயரும் நேரமாகப் பார்த்துப் போவேன். கட்டை அவிழ்த்து, மஞ்சள் மருந்துப் பொடியைத் தட்டிவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரைப் புண்ணில் ஊற்றி, அப்பா போட்ட மாதிரியே முடிச்சைப் போட்டுவிடுவேன். வெல்லத்தின் தோல் துடிக்கும். ஆனால் ஒருநாள்கூட என்னை உதைத்ததில்லை.

மூன்று வாரமாகியும் புண் காயவில்லை. சீழ் வைத்தது. அப்பா மருந்தை மாற்றிப் பார்த்தார். சாப்பாட்டுத் தட்டின் முன் எதையோ யோசித்தபடி உட்கார்ந்திருப்பார். டாக்டர் வந்து பார்த்து, வெள்ளிக்கிழமை வரை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வெல்லம் எனக்குத்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு, வியாழக்கிழமை இன்னொரு சொம்பு சேர்த்து ஊற்றினேன்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தோட்டக்காரர் குழி வெட்டிக்கொண்டிருந்தார். என்ன செடி வைக்கப்போகிறீர்கள் என்று கேட்டேன். செடி இல்லை, குதிரைக்கு என்றார். பதினோரு மணிக்குத் துப்பாக்கியோடு ஆள் வருகிறாராம்.

ஓடினேன். அப்பா மருந்து அறையில் பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அப்பா, புண்ணு ஆறாம இருக்கறது என்னாலதான். நான்தான் தினம் தண்ணி ஊத்தினேன்."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தே முக்கால்.

"யார்கிட்டயும் சொல்லாத. இங்கயே நில்லு" என்று சொல்லிவிட்டு, ஈரக் கையோடு டாக்டர் அறைக்குள் போனார்.

நான் ஜன்னலுக்கு அடியில் போய் நின்றேன். கன்னடத்தில் பேசிக்கொண்டார்கள். கட்டைத் தான்தான் சரியாகக் கவனிக்கவில்லை, ஈரத்தோடு விட்டுவிட்டேன், இன்னும் பத்து நாள் கொடுத்தால் ஆற்றிக் காட்டுகிறேன் என்றார் அப்பா. டாக்டர் நம்பவில்லை. இத்தனை வருஷமாகக் கட்டுப் போடுகிற ஆள், உண்மையைச் சொல் என்றார். அப்பா சொன்னதையே திரும்பச் சொன்னார். அதற்குள் கேட் திறந்து ஜீப் ஒன்று உள்ளே வந்து நின்றது. இறங்கியவர் தோளில் துப்பாக்கி. லாயம் எந்தப் பக்கம் என்று தோட்டக்காரரைக் கேட்டார், அவரும் கையைக் காட்டினார். எனக்கு நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டது.

"பரெதுகொடு" என்றார் டாக்டர். எழுதிக் கொடு.

அப்பா வெளியே வந்து துப்பாக்கிக்காரரைச் சற்றுப் பொறுக்கச் சொன்னார். நின்றபடியே ஜன்னல் திட்டில் காகிதத்தை வைத்து இங்கிலீஷில் எழுதினார். மைக்கூட்டை நான் பிடித்துக்கொண்டேன். குதிரையைச் சுடவேண்டாம் என்று கேட்டு எழுதுகிறார் என்று நினைத்து, வெல்லம் பேரை மறக்காமல் எழுதுங்கள் என்று நச்சரித்தேன். எழுதிவிட்டேன் என்றார்.

ஜீப் திரும்பிப் போனது. பத்து நாளில் புண் காய்ந்தது. ஜட்காக்காரர் வந்து வெல்லத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார், பிறகு கூட்டிக்கொண்டு போனார். குதிரையை மறுபடியும் வண்டிக்கே அனுப்பிவிட்டாரே என்று நான் ஒரு மாதம் அப்பாவோடு பேசவில்லை. என்னை அவர் அடிக்காததை, மறந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் அவருக்கு வரவேண்டிய கம்பவுண்டர் வேலை, அவரிடம் கட்டுப் போடக் கற்றுக்கொண்ட ஒருவருக்குப் போனது. அடுத்த முறையும் அப்படித்தான். டிரஸ்ஸராகவே ரிடையர் ஆனார். அவர் காலமான பிறகு, பெட்டியில் ஆபீஸ் காகிதங்களோடு அந்தக் கடிதத்தின் நகல் கிடைத்தது. நாலே வரி. வேலையில் அஜாக்கிரதையாக இருந்தது என் குற்றம் என்று எழுதி, கீழே தன் பெயரைப் போட்டிருந்தார். வெல்லத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.