அண்ணை பாதியில் நிறுத்திய பாட்டு

என் கூறைச்சேலையின் மடிப்புக்குள், பூச்சி உருண்டைகளோடு ஒரு சிவப்புப் பென்ட்ரைவ் பன்னிரண்டு வருடம் கிடந்தது. சேலையை வெயிலில் போட எடுக்கும்போதெல்லாம் அது கீழே விழும். எடுத்து மறுபடி உள்ளே வைத்துவிடுவேன். அதில் ஒரேயொரு பாட்டுத்தான் இருக்கிறது என்பது தெரியும். எந்த இடத்தில் அதை நிறுத்தச் சொன்னேன் என்பதும் தெரியும். அதற்கு மேல் கேட்க எனக்கு முகமில்லை.

அந்தப் பாட்டைச் செய்தவர் என் அண்ணை. பாரிசில் கிழமை நாட்களில் ஒரு ரெஸ்ரோரண்டில் சமையல், சனி ஞாயிறுகளில் எங்கள் ஆட்களின் கொண்டாட்ட மண்டபங்களில் டிஜே. எலெக்ரோ ஹவுஸ் என்றால் அவருக்குப் பைத்தியம். பழைய சினிமாப் பாட்டிலிருந்து குரலை மட்டும் பிரித்தெடுத்து, நெஞ்சாங்கூட்டை உலுக்குகிற பேஸைக் கீழே வைத்து றீமிக்ஸ் பண்ணுவார். நெல்லியடியில் இருந்த எனக்குத் தொலைபேசியில் போட்டுக் காட்டுவார். தண்ணி மோட்டர் பழுதான மாதிரிக் கிடக்கு என்று நக்கலடிப்பேன். கோபிக்க மாட்டார். "அடி போடுறது பெரிய வேலையில்லை, பிள்ளை. அடியை ஒளிச்சு வைக்கிறதுதான் வேலை. பாட்டை ஏத்தி ஏத்திக் கொண்டுபோய், திடீரெண்டு எல்லாத்தையும் எடுத்துப்போடோணும். சனம் கையைத் தூக்கிக்கொண்டு ஏங்கிப்போய் நிக்கும். அப்ப விழுத்தோணும். அந்த நேரம் அங்கை ஒருத்தரும் தனிச்ச ஆள் இல்லை" என்பார். இருபது வயதில் தனியாளாகப் போய் இறங்கியவர் அவர். அதை யோசிக்காமல் நான் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

என் கலியாணத்துக்குத்தான் முதல்முறை ஊருக்கு வந்தார். பெட்டியில் பாதி வயர்கள். பந்திக்குப் பிறகு ஒரேயொரு பாட்டு, அவ்வளவுதான் என்று கெஞ்சினார். அரை மனதோடு தலையாட்டினேன். மாப்பிள்ளை வீட்டார் சாவகச்சேரிப் பக்கம். மாமியாகப் போகிறவர் கோயிலும் விரதமுமாக இருக்கிறவர். அதுவரை மூன்று தரம் பார்த்திருந்தேன், மூன்று தரமும் அவர் சிரிக்கவில்லை. அம்மாவும் அப்பாவும் இல்லாத வீட்டிலிருந்து போகிறவள் நான். வளர்ப்புச் சரியில்லை என்று ஒரு சொல் வந்துவிடக்கூடாது என்பதுதான் அன்றைக்கு என் ஒரே பயம்.

அண்ணையோ, பொம்பிளையின் சகோதரன் நிற்கவேண்டிய மாப்பிள்ளைத் தோழன் இடத்தை ஒன்றுவிட்ட தம்பியிடம் தள்ளிவிட்டார். தாலி கட்டும் நேரம், வாழ்த்தி அறுகரிசிகூடப் போடாமல், மேளகாரருக்குப் பக்கத்தில் போனை நீட்டிக்கொண்டு நின்றார். வீடியோ எடுக்கிறாராக்கும் என்று நினைத்தேன். பந்தியிலும் ஆளைக் காணவில்லை. பக்கத்து அறையில் காதில் ஹெட்போனோடு லப்டொப்புக்குள் தலையை விட்டுக்கொண்டு இருக்கிறார் என்றார்கள். தங்கச்சியின் கலியாணத்தன்றும் இந்த மனுசனுக்கு இதுதான் வேலையா என்று எரிச்சல் வந்தது.

பிறகு போட்டார். முதலில் அப்பாவுக்குப் பிடித்த பழைய பாட்டின் குரல் தனியே வந்தது. பெண்கள் கூடவே முணுமுணுத்தார்கள். அடி விழுந்ததும் இளசுகள் இறங்கினார்கள். பிறகு ஒரு பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். பாட்டு ஏறியது, இன்னும் ஏறியது, சட்டென்று எல்லாம் போய் ஒரு மெல்லிய இழுவை மட்டும் நின்றது. மண்டபமே கையைத் தூக்கியது. நான் முன்வரிசையைப் பார்த்தேன். மாமி புருவத்தைச் சுருக்கிக்கொண்டு காதில் கையை வைத்திருந்தார். அதே நேரம் அண்ணை என்னைப் பார்த்தார். விரல் பொத்தானில், முகம் முழுக்கச் சிரிப்பு. நான் கையை அசைத்து நிறுத்தச் சொன்னேன்.

விளங்காதவர் மாதிரி ஒரு கணம் நின்றார். பிறகு தன் கையாலேயே நிறுத்தினார். தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. அண்ணை வயர்களைச் சுற்றத் தொடங்கினார்.

திரும்பிப் போகும்போது பென்ட்ரைவைத் தந்து, "நேரம் கிடைக்கேக்கை கேள்" என்றார். ஒரு சொல் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் திருப்பிச் சொல்லி ஆறியிருப்பேன். பாரிசுக்குப் போனதும் கருவிகளை யாருக்கோ கொடுத்துவிட்டார். ஏன் என்று கேட்டால் நாரி நோகுது என்று இடுப்பின் மேல் பழி போடுவார். ஊருக்கும் பிறகு வரவில்லை.

போன மாதம் என் மச்சாளின் மகனுக்குச் சாவகச்சேரியில் கலியாணம். வெளிச்சமெல்லாம் போட்டு ஒரு டிஜே. மாமி கதிரையில் இருந்து கைதட்டிக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் அவர் சிரிப்பை நான் நிறையப் பார்த்தாயிற்று. என் பக்கம் சரிந்து, "கொண்ணர் உன்ரை கலியாணத்திலை போட்டதுதான் பிள்ளை திறம். ஏன் பாதியிலை நிப்பாட்டினவர்?" என்று கேட்டார்.

"நீங்கள் காதைப் பொத்திக்கொண்டெல்லோ இருந்தனீங்கள், மாமி."

"ஆர் பொத்தினது? பக்கத்திலை இருந்தவ என்னவோ கேட்டவ. விளங்கேல்லை எண்டு காதிலை கையை வைச்சனான். நீ உதுக்கோ நிப்பாட்டுவிச்சனி?"



அடுத்த நாள் மத்தியானம், வீட்டில் எல்லாரும் வெளியே போயிருந்தபோது, பென்ட்ரைவை மகளின் லப்டொப்பில் குத்தினேன். அதே குரல், அதே ஏற்றம், அதே இழுவை. நான் கையசைத்த இடம் வந்தது. அதைத் தாண்டி அடி விழுந்தது. விழுந்தது என் கெட்டிமேளம். அன்று காலையில் என் கழுத்தில் தாலி ஏறியபோது அடித்த அதே தவில், அதே நாதஸ்வரம், ஐயர் போட்ட சத்தம்கூட உள்ளே கிடந்தது. அடியில் அண்ணையின் தண்ணி மோட்டர். பந்தியில் இருந்து சாப்பிடாமல் அவர் செய்துகொண்டிருந்தது அதைத்தான். நான் எழும்பி நின்று அழுதேன்.

உடனே அண்ணைக்குக் கோல் எடுத்தேன். "அண்ணை, அந்தப் பாட்டைக் கேட்டிட்டன்."

"முழுக்கவோ?"

"ஓம்."

அவருக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. பிறகு, "சனம் ஆடிச்சுதோ?" என்றார்.

பென்ட்ரைவின் சின்ன விளக்கு இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது.

"வீட்டிலை ஒருத்தரும் இல்லை, அண்ணை" என்றேன். "நான் மட்டும்தான்."