கேட்டின் இரண்டு பக்கமும்

லொரெட்டா சமித், எங்கள் ஊர் மின் நிலையத்துக் கேன்டீனில் இருபத்தேழு வருடம் சமைத்தவர். தேர்தல் சனிக்கிழமைதோறும் கார்மோர் பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடி வாசலில் நின்று லேபர் கட்சியின் துண்டுச்சீட்டு கொடுப்பவரும் அவர்தான். கேட்டுக்கு அந்தப் பக்கம் நிலையத்தின் பழைய பாய்லர்காரர் டெஸ் ஹாலரன் எதிர்க்கட்சிச் சீட்டோடு நிற்பார். ஒரு காலத்தில் அவரும் இந்தப் பக்கம்தான். நிலையத்தை மூடிய வருடம் லேபர் மேல் கோபத்தில் கட்சி மாறிக் கேட்டைத் தாண்டினார். பாதி ஊர் அவரோடு தாண்டியது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

முன்பு நிலையத்து வேலைக்கு வந்த மால்டாக்காரர்கள், டச்சுக்காரர்கள், யார்க்‌ஷயர்காரர்கள் என்று இரண்டாயிரம் ஓட்டு. லேபர் ஒரு விளக்குமாற்றை நிறுத்தினாலும் ஜெயிக்கும். நிலையத்தின் புகைபோக்கிகளை வெடிவைத்துச் சாய்த்த பிறகு இளவட்டம் நாட்டின் மறுகோடியில் பெர்த் பக்கம் சுரங்க வேலைக்குப் போய்விட்டது. வாடகை மலிவென்று தெற்கு சூடான் குடும்பங்களும், முதியோர் இல்ல வேலைக்குப் பிலிப்பைன்ஸ் பெண்களும் வந்தார்கள். அவர்கள் யாருக்குப் போடுவார்கள் என்று ஊரே ஜோசியம் சொன்னது. அவர்களிடம் மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அதில் எரிச்சல்தான்.

போன தேர்தலில் எங்கள் சாவடியில் விழுந்தது 431 ஓட்டு. மற்றவர்கள், முன்கூட்டியே ஓட்டுப்போடும் வசதி இருக்கும் பெரிய ஊரில் முந்தின வாரமே போட்டுவிட்டார்கள். இந்த முறை ஐந்நூறு விழாவிட்டால் சாவடியை எடுத்துவிடுவதாகத் தேர்தல் ஆணையத்திலிருந்து கடிதம் வந்தது. வங்கி போய்விட்டது, தபால் நிலையமும் போய்விட்டது. இதுவும் போனால் ஊர் என்று சொல்ல என்ன இருக்கிறது?

லொரெட்டா போய் டெஸ் வீட்டுக் கதவைத் தட்டினார்.

“உன் கட்சிக்கு ஆள் பிடிக்க வந்தியா?”

“உன்னைப் பிடிச்சு நான் என்ன பண்றது, கிழவா! தொப்பியை மாட்டு. யாருக்கு வேணா போடட்டும், இங்க வந்து போடட்டும்னு வீடு வீடாச் சொல்லணும்.”

மூன்று வாரம் சண்டை போட்டுக்கொண்டே தெருத்தெருவாக நடந்தார்கள். தெற்கு சூடானிலிருந்து வந்து முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் ஆச்சோலுக்கு, குடியுரிமை வாங்கியபின் இதுதான் முதல் ஓட்டு. கதவைத் திறந்தவள் சிரித்துவிட்டாள்.

“ஆறு வருஷமா யாரும் இந்தக் கதவைத் தட்டல. இப்ப ரெண்டு கட்சியும் ஒண்ணா வந்திருக்கீங்க. சரி, நான் யாருக்குப் போடணும்?”

இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.

“வேணாம், நானே பாத்துக்கறேன். வேலை முடிஞ்சதும் எங்க ஆளுங்களைக் கூட்டிட்டு வர்றேன்.”

தேர்தலன்று நான்தான் வழக்கம்போல வாசலில், ஓட்டுப்போட வருபவர்களுக்கு ரொட்டியில் வைத்துத் தர சாசேஜ் இறைச்சியும் வெங்காயமும் வாட்டினேன். ஐந்தரைக்கு ஆச்சோல் பத்தொன்பது பேரோடு வேனில் வந்து இறங்கினாள். ஆறு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். நான்கு நிமிடம் இருக்கையில் பேச்சுவாக்கில் கேட்டேன்:

“நீங்க ரெண்டு பேரும் போட்டாச்சா?”

டெஸ் கையிலிருந்த ரொட்டி நழுவியது. காலை எட்டு மணியிலிருந்து ஊரையே உள்ளே அனுப்பியவர்கள், தாங்கள் போகவில்லை! லொரெட்டா சீட்டுக்கட்டை என் வெங்காயத்தின் மேலேயே போட்டுவிட்டு ஓடினார். பின்னாலேயே டெஸ், முட்டியைப் பிடித்துக்கொண்டு. ஆச்சோலுக்குப் பின்னால் வரிசையில் கடைசி இருவராக நின்றார்கள்.

பெட்டியைத் திறந்து எண்ணி முடித்ததும் அதிகாரி வெளியே வந்து சொன்னார்: ஐந்நூற்றொன்று.

“நீ உன் கட்சிக்குப் போட்ட, நான் என் கட்சிக்குப் போட்டேன். ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப் போச்சு,” என்று முனகினார் டெஸ். “இதுக்கா இந்த முட்டியோட ஓடினேன்?”

“ஓடலேன்னா நானூத்தித் தொண்ணூத்தொம்பது, டெஸ்.”

டெஸ் என்னிடம் வந்து கடைசி சாசேஜைக் கேட்டார். “எனக்கில்ல, அவளுக்கு. வெங்காயம் நிறைய வை.”