மலைக்குத் திருத்திய கார்

பரமேஸ்வரனின் பழைய ஒஸ்ரின் காரை நெடுங்கேணியில் தெரியாத ஆள் இல்லை. வன்னிக்குள் பெற்றோல் வராத காலத்தில் அதன் எஞ்சினை மண்ணெண்ணெய்க்கு மாற்றியிருந்தார். கார்பிரேற்றரில் எண்ணெய் வரும் துளையைப் பெருப்பித்தார். எஞ்சின் இடிக்காமலிருக்க, அதன் மூடிக்கடியில் ஒரு காஸ்கெட் தகடு இருக்கவேண்டிய இடத்தில் இரண்டை வைத்து அமுக்கத்தைக் குறைத்தார். கொஞ்சப் பெற்றோலைக் காட்டி ஸ்ராட் பண்ணினால், பிறகு மண்ணெண்ணெயிலேயே ஓடும். கலியாண வீட்டுக்கும் ஓடியது. பாம்பு கடித்தவர்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் ஓடியது.

அவருடைய மனைவி வீரம்மா தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தகப்பனோடு லொறி ஏறி வன்னிக்கு வந்தபோது சின்னப் பெண். தங்கை இலட்சுமி அன்றைக்கு வேறொரு தோட்டத்தில், பெரியம்மா வீட்டில் நின்றாள். பிறகு வந்து கூட்டிக்கொண்டு போகலாம் என்று தகப்பன் சொன்னார். போக முடியவில்லை. தகப்பன் செத்தார், பாதைகள் பூட்டின, வீரம்மாவுக்குக் கலியாணமும் ஆனது. மார்கழி மாதத்தில் கொஞ்சம் குளிர்ந்தாலே முற்றத்தில் போய் நின்றுவிடுவார். "இது குளிரே இல்லை" என்பார். பரமேஸ்வரன் மலையைக் கண்டதில்லை. 

2002 இல் சண்டை ஓய்ந்து, வன்னியிலிருந்து கண்டிக்குப் போகும் ஏ-நைன் வீதி திறந்தது. நுவரெலியாவிலிருந்து மரக்கறி கொண்டுவந்த லொறிக்காரர் ஒருவர் விசாரித்துச் சொன்னார்: இலட்சுமி இருக்கிறாள், றம்பொடைக்கு மேலே ஒரு தோட்டத்தில்.

அடுத்த சித்திரையில் இரண்டு பேரும் புறப்பட்டார்கள். புளியங்குளத்திலும் ஓமந்தையிலும் இறங்கி ஏறிச் சோதனை முடித்து, வவுனியா தாண்டினார்கள். இப்போது தாங்கி நிறையப் பெற்றோல். கண்டி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. றம்பொடை ஏற்றத்தில்தான் கார் முக்கத் தொடங்கியது. பின்னால் கறுப்புப் புகை. ஒரு வளைவில் இருமிவிட்டு நின்றது.

பிளக்குகளைக் கழற்றினார். எல்லாம் அடுப்புக்கரி போல இருந்தன. துடைத்துப் பூட்டினார். இன்னும் இரண்டு வளைவு ஏறி, மறுபடியும் நின்றது.

"என்னப்பா, பழுதோ?" என்றார் வீரம்மா.

"பழுதில்லை. தரையில நல்லாத்தானே ஓடினது." பரமேஸ்வரனுக்கே மூச்சு வாங்கியது. அப்போதுதான் அவருக்கு விளங்கியது. "எனக்கே இஞ்ச காத்துப் பத்தேல்லை, எஞ்சினுக்கு எப்பிடிப் பத்தும்? பெற்றோல் அதே அளவிலதான் வருது. எரிக்கக் காத்துக் காணாது."

ஹோர்ன் வயரிலிருந்து ஒரு செப்பு இழையைப் பிரித்தெடுத்து, தான் பெருப்பித்த துளைக்குள் விட்டு முனையை மடித்தார். துளை ஒடுங்கியது. கறுப்புப் புகை நின்றது. ஆனால் அமுக்கம் குறைந்த எஞ்சினில் பலம் இல்லை. இரண்டு பேரை இழுக்கவில்லை.

"நான் நடக்கிறன். நீங்கள் ஓட்டுங்கோ," என்று வீரம்மா இறங்கினார்.

செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினார். நெடுங்கேணியில் முழங்கால் நோ என்று தண்ணீருக்குக்கூட மெல்ல நடக்கிற மனிசி, காரை விட்டுவிட்டு முன்னே போனார். பனிமூட்டத்தில் சேலை மறைந்தது. மேல் வளைவுக்குக் கார் ஊர்ந்து சேர்ந்தபோது, ஒரு தேயிலைச் செடியின் கொழுந்தைக் கசக்கி மூக்கில் வைத்தபடி நின்றார். முகமெல்லாம் ஈரம். 

தோட்டத்து லயத்து வரிசை வீடொன்றின் வாசலில், வயதுக்கு முந்தி நரைத்த ஒரு பெண் கத்தியால் விறகு பிளந்துகொண்டிருந்தாள்.

"இலட்சுமியோ?" என்று வீரம்மா கேட்டார்.

"ஆமா. நீங்க யாரு? யாழ்ப்பாணத்துப் பேச்சுப் பேசுறீங்க?"

வீரம்மா தகப்பனின் பெயரைச் சொன்னார். கத்தி கீழே விழுந்தது.

ஒரு கிழமை தங்கினார்கள். இலட்சுமி அக்காவின் கையை விடவேயில்லை. ஆனால் ஆமாவுக்கு ஓம் என்று அக்கா சொல்லும்போதெல்லாம் லயத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். திரும்பும் வழியில் மாத்தளை தாண்டியதும் வீரம்மா சொன்னார்: "அங்கயும் நான் வெளியாள்தான். எண்டாலும் திரும்பப் போகவேணும்."

வந்த கையோடு பரமேஸ்வரன் எஞ்சினை இறக்கினார். இரட்டைக் காஸ்கெட்டை எடுத்து ஒன்றாக்கினார். வவுனியாவில் தேடி, சரியான அளவுத் துளையுள்ள புது ஜெற் ஒன்றை வாங்கிக் கார்பிரேற்றரில் போட்டார். அடுத்தமுறை வீரம்மா நடக்கத் தேவையில்லை. அந்த அடுத்தமுறை தள்ளிக்கொண்டே போனது. ஒரு வருடம் வயல், ஒரு வருடம் முழங்கால். 2006 ஆவணியில் மறுபடியும் சண்டை தொடங்கிப் பாதை பூட்டியது.

பெற்றோல் யானை விலை ஆனது. திருத்திய எஞ்சினோ மண்ணெண்ணெயை ஏற்கவில்லை. ஊற்றினால் சம்மட்டியால் அடிப்பதுபோல் இடித்தது. கார் முற்றத்தில் நின்றது. ஹயர் ஓடி வந்த காசு போய், சாப்பாடும் சுருங்கியது.

"பழையபடி மாத்தட்டோ?" என்று பரமேஸ்வரன் கேட்டார்.

"மாத்தினால் மலை ஏறாதே," என்றார் வீரம்மா.

பாதை திறந்திடும் என்று பரமேஸ்வரனும் சொல்லிக்கொண்டு, வயல் கூலிக்குப் போனார். காலையில் காரின் கண்ணாடியை மட்டும் துடைப்பார். அவர்களுக்கு விசர் பிடித்துவிட்டது என்றது ஊர்.

2008 இல் ஷெல் நெடுங்கேணிப் பக்கம் விழத் தொடங்கியது. பக்கத்து வீட்டுப் பாலனின் மனைவிக்கு நிறைமாதம். அன்றைக்கு வீரம்மாவே ஸ்பனர்ப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்.

"மாத்துங்கோ."

"யோசிச்சுத்தான் சொல்லுறியோ?"

"இப்ப சனத்தை ஏத்தவேணும். மாத்துங்கோப்பா."

துளையைப் பெருப்பித்து, பழைய காஸ்கெட்டையும் சேர்த்து இறுக்கினார் பரமேஸ்வரன். மண்ணெண்ணெயில் அந்தக் கார் இரண்டு குடும்பங்களை ஒட்டுசுட்டானுக்கும் பிறகு புதுக்குடியிருப்புக்கும் கொண்டுபோனது. பாலனின் மகள் வழியில் பின் சீற்றிலேயே பிறந்தாள். பிறகு மண்ணெண்ணெயும் இல்லாமற்போக, காரை றோட்டோரம் விட்டுவிட்டு நடந்தார்கள். பரமேஸ்வரன் திரும்பிப் பார்க்கவில்லை என்று வீரம்மா பின்னர் சொன்னார்.

சண்டை முடிந்து, 2009 ஆனியில் இருவரும் செட்டிகுளம் அகதி முகாமில் இருந்தார்கள். ஒருநாள் கம்பிவேலியடியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மறுபக்கத்தில் இலட்சுமி, வெயிலுக்குத் தலையில் துவாயைப் போட்டபடி நின்றாள். பஸ் மாறி மாறி வந்திருந்தாள். ஆயிரம் பேர் வேலியின் இரு பக்கமும் கத்திக் கதைத்தார்கள்.

"அக்கா, மெலிஞ்சிட்டியே!"

"ஓம். நீ சாப்பிட்டியா?"

"எப்ப விடுவாங்க? நேரா நம்ம லயத்துக்கு வந்துரு. மாமாவையும் கூட்டிட்டு."

வீரம்மா தலையாட்டினார். கேட்க நிறைய இருந்தது. கதைக்கத் தந்த நேரம் முடியப்போகிறது என்று காவலாளி கையைக் காட்டினான்.

"அங்க இப்ப குளிரோ?" என்றார்.

"ஆமாக்கா. காலையில கையெல்லாம் வெறைச்சுப் போகுது."

வீரம்மா கண்ணை மூடிக்கொண்டு, இன்னொருமுறை சொல்லச் சொன்னார்.