படுத்து ஒரு படம், உட்கார்ந்து ஒரு படம்

சிட்னி ஆஸ்பத்திரியில் இதயத்தைப் படம் பிடிக்கும் கேமராவின் மேசையில் மல்லாந்திருந்த டிரைவர் மாமாவிடம், "ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி வச்சுக்குங்க, அசையக் கூடாது" என்று நான் சொன்னதுதான் வம்பாகிவிட்டது. அவருக்கு ஃபிஜியின் முதல் ராணுவ ஆட்சிக் கவிழ்ப்பு நினைவுக்கு வந்துவிட்டது. "அரே, அன்னிக்கு நமாகாவுல பட்டாளத்தான் ஒருத்தன் பஸ்ஸ நிறுத்தி இப்பிடித்தான் கையத் தூக்கச் சொன்னான். யாருன்னு பாத்தா நம்ம சபேட்டோ ஊருப் பையன்! தெனம் இஸ்கூலுக்கு நாந்தான் ஏத்திக்கிட்டுப் போனேன். துப்பாக்கிய நீட்டிக்கிட்டே 'பூலா'ன்னு வணக்கம் சொல்லிச் சிரிக்கிறான்!" அசையாமல் இருக்க வேண்டிய நேரம் முழுக்க அவர் தொப்பை குலுங்கிக்கொண்டே இருந்தது. படம் கலங்கிப்போய், மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

அவர் ஃபிஜியில் நாடி என்ற ஊரிலிருந்து சிகடோகாவுக்கு பஸ் ஓட்டியவர். என் அப்பா தமிழ்நாட்டிலிருந்து ஆசிரியராகப் போய்ச் சேர்ந்த அந்தத் தெருவில், எங்கள் தமிழுக்குத் தமிழிலேயே பதில் சொன்ன ஒரே பக்கத்து வீட்டுக்காரர். கவிழ்ப்புக்குப் பிறகு நாங்கள் சிட்னிக்குக் கிளம்பினோம். சில வருடம் கழித்து அவருடைய ஒரே மகனும் கிளம்பினான். எல்லோரையும் விமான நிலையம்வரை அவரே கொண்டுவந்து விட்டார். பெட்டியை இறக்கிக் கொடுத்த கையோடு, "ஓடுங்கடா, பயந்தாங்கொள்ளிங்களா! நான் இங்கதான் கெடப்பேன்" என்று நாலு பேர் கேட்கத் திட்டியும் அனுப்பினார். மாமி காலமான பிறகு அவருக்கு நெஞ்சுவலி என்று கேள்விப்பட்டு, மகன் போய்ச் சிட்னிக்கு அழைத்துவந்தான். அடைப்பு இருந்தால் இங்கேயே வைத்தியம், இல்லையென்றால் அடுத்த வாரமே ஊருக்கு விமானம் என்று பேச்சு.

மாமா படுத்திருந்த பழைய கேமராவில் இரண்டு பெரிய பெட்டிகள் நெஞ்சைச் சுற்றி ஊர்ந்து வரும். ஊசியில் ஏற்றிய மருந்து இதயத் தசையில் எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்று படம் பிடிக்கும். மாமாவின் படத்தில் இதயத்தின் அடிப்பக்கம் மங்கலாக இருந்தது. அங்கே ரத்தம் சரியாகப் போகாமல் இருக்கலாம். தொப்பை உள்ளவர் மல்லாந்து படுத்ததில் உதரவிதானம் மேலேறி மறைத்தும் இருக்கலாம். சந்தேகம் தீர, நாற்காலியில் உட்காரவைத்து எடுக்கும் புதுக் கேமராவுக்குக் கூட்டிப்போனேன். மாமா ஜம்மென்று உட்கார்ந்து, பஸ் ஜன்னலில் வலது கையைப் போடுவதுபோல், இங்கே இடது கையைக் கேமராவின்மேல் போட்டுக்கொண்டார். வேலையும் சீக்கிரம் முடிந்தது. மங்கலைக் காணவே காணோம். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த டாக்டர், அடைப்புக்கான அறிகுறி எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

வாயெல்லாம் பல்லாக ஓடிப்போய் மாமாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"படுத்து எடுத்ததுல என்னமோ தெரியுதுன்னியே?"

"அது தொப்பையோட வேலை மாமா."

அவர் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பையனுக்கு அந்தப் படத்த மட்டும் காட்டேன்."

அத்தனை பேரையும் அப்படித் திட்டி அனுப்பியவர், 'நானும் இங்கேயே இருந்துவிடுகிறேன்' என்று எந்த வாயால் கேட்பார்?

வெளியே காத்திருந்த மகனிடம் உண்மையைத்தான் சொன்னேன். கூடவே, "அவரா கேட்க மாட்டார். நீ கேள்" என்றேன். அவன் உள்ளே வந்து, "இங்கேயே இருந்துடுங்கப்பா" என்றான். வீட்டைப் பூட்டிவிட்டு வந்த கதை, தோட்டத்து மரவள்ளி, யாருக்கோ கொடுத்த வாக்கு என்று மாமா பத்து நிமிடம் முறுக்கிக்கொண்டார். கடைசியில் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"டாக்டரே இருக்கச் சொல்லிட்டா அப்புறம் என்ன பண்றது?"

டாக்டர் அப்படி எதுவுமே சொல்லவில்லை. நானும் மகனும், ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினோம்.